மூன்று கட்டை டார்ச்சும் உளுந்து வடையும்

பழைய டார்ச்சை எல்.இ.டி.க்கு மாற்றியவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். என்னுடையது சொதப்பலில் ஆரம்பித்த கதை.

அப்பாவின் மூன்று கட்டை பேட்டரி லைட் பரணில் கிடந்தது. பித்தளை உடம்பு. மும்முனை மின்சாரம் ராத்திரியில் மட்டும் வந்துகொண்டிருந்த காலத்தில் மோட்டார் போட வயலுக்குக் கிளம்பினால், அப்பா தோளில் துண்டு இருக்கிறதோ இல்லையோ, கையில் இது இருக்கும். கடைசியாகப் போட்ட பேட்டரிக் கட்டைகளை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. கசிந்து, உள்ளே பச்சை பூத்துப் போயிருந்தது. புளி போட்டுத் தேய்த்து, ஸ்பிரிங்கை உப்புத்தாளால் சுரண்டவே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது.

கணக்கு சுலபம். மூன்று கட்டைக்கு 4.5 வோல்ட். வெள்ளை எல்.இ.டி. சுமார் 3.2 வோல்ட்டில் எரியும். மிச்சமுள்ள 1.3 வோல்ட்டை ஒரு ரெசிஸ்டர் (மின்தடை) தின்ன வேண்டும். 1 வாட் எல்.இ.டி.க்கு 350 மில்லி ஆம்பியர் என்று வைத்து வகுத்தால் 3.7 ஓம் வரும். கடையில் கிடைப்பது 3.9. சென்னை ரிச்சி தெருவில் இரண்டையும் வாங்கி வந்து, பல்பு உட்காரும் இடத்தில் வைத்து ஈயத்தால் பற்றவைத்தேன். முதலில் எரியவில்லை. பல்புக்குப் பிளஸ் மைனஸ் கிடையாது, எல்.இ.டி.க்கு உண்டு என்பது தெரிந்தும் வயரை மாற்றிக் கொடுத்திருந்தேன். சரி செய்ததும் அறையே பகல் மாதிரி ஆகிவிட்டது.

பெருமையாக அப்பாவிடம் நீட்டினேன். கொல்லைப்பக்கம் போய், கிணற்றடித் தென்னையைப் பார்த்து அடித்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

"வெளிச்சம் நிறையத்தான் இருக்கு. மரம் தெரியலயேப்பா?"

உண்மைதான். பழைய பல்பின் வெளிச்சம் மங்கல் மஞ்சளாக இருந்தாலும் தென்னையின் குருத்து வரை போகும். இது காலடியிலேயே கொட்டிவிட்டு நின்றது. சுவரில் அடித்துப் பார்த்தேன். சுற்றிலும் வெளிச்ச வளையம், நடுவில் இருட்டு. அசல் உளுந்து வடை.

காரணம் புரிய இரண்டு நாள் ஆனது. பல்பின் இழை எல்லாப் பக்கமும் வெளிச்சம் விடும். அதன் பெரும்பகுதி பக்கவாட்டில் போய், பல்பைச் சுற்றியுள்ள பளபளப்பான கிண்ணத்தில், அதாவது ரிஃப்ளெக்டரில் பட்டு, ஒரே திசையில் திரும்பி வரும். எல்.இ.டி. முன்பக்கம் மட்டுமே பார்க்கும். அதனால் ரிஃப்ளெக்டருக்குக் கிடைப்பது ஓரத்து வெளிச்சம்தான். அதுவாவது ஒழுங்காகத் திரும்ப வேண்டுமென்றால், இழை இருந்த அதே புள்ளியில் எல்.இ.டி. உட்கார வேண்டும். நான் வாங்கியதோ 20 மில்லிமீட்டர் அலுமினியத் தட்டில் ஒட்டியது. ரிஃப்ளெக்டரின் ஓட்டையில் பல்பின் கண்ணாடி நுழையத்தான் இடமுண்டு. தட்டு கீழேயே தங்கிவிட்டது.

இரண்டாவது முறை 3.45 மில்லிமீட்டர் சதுரமுள்ள சின்ன எல்.இ.டி., 8 மில்லிமீட்டர் தட்டில். அதை ஒரு பித்தளை போல்ட்டின் நுனியை அரத்தால் ராவிச் சமமாக்கி, அதன் மேல் உட்கார வைத்தேன். போல்ட்டை மேலே கீழே திருகலாம். சூடும் அதன் வழியாக டார்ச்சின் உடம்புக்கு இறங்கிவிடும். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, சுவரைப் பார்த்தபடி கால் கால் சுற்றாகத் திருகினேன். வடையின் ஓட்டை சுருங்கிக்கொண்டே வந்தது, ஒரு இடத்தில் டக்கென்று மூடி ஒற்றைப் பொட்டானது. கை நடுங்கி அரைச் சுற்று கூடப் போனதில் மறுபடி வடை. திரும்பப் பிடிக்க அரை மணி நேரம்.

இப்போது தென்னை தெரிகிறது. ஆனால் அப்பாவுக்கு இன்னும் ஒரு குறை: "ஆஸ்பத்திரி வெளிச்சம்". அதற்காக மஞ்சள் சாயலுள்ள வார்ம் ஒயிட் எல்.இ.டி. வாங்கி வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது மாற்ற வேண்டும்.

*

மேலே மூன்று கட்டைக் கதை எழுதியவருக்கு: என்னுடையது இரண்டு கட்டை டார்ச். அது இன்னொரு தலைவலி. 3 வோல்ட்தான் வரும், எல்.இ.டி. கேட்பதோ அதற்கும் மேல். புதுக் கட்டை போட்ட அன்று மினுக்கென்று எரிந்து, இரண்டாம் நாளே படுத்துவிட்டது. கடைசியில் கட்டைகளை விட்டுவிட்டு 18650 என்ற வகை லித்தியம் செல் ஒன்றே ஒன்றுக்கு மாறினேன். செல் 18 மில்லிமீட்டர் தடிமன், கட்டை 33 இருக்கும். ஆடாமல் இருக்க பிவிசி பைப் துண்டுகளை ஒன்றுக்குள் ஒன்று செருகினேன். மீதி நீளத்துக்கு ஒரு பித்தளைத் துண்டு. ரெசிஸ்டருக்குப் பதில் மின்னோட்டத்தை 350 மில்லி ஆம்பியரிலேயே பிடித்து வைக்கும் 7135 சிப்பு போட்டேன், செல் இறங்க இறங்க வெளிச்சம் மங்குவதில்லை.

ஆசையில் இரண்டு 18650-ஐ வரிசையாகப் போட்டுவிடாதீர்கள். முழு சார்ஜில் 8.4 வோல்ட். நான் போட்டேன். புகை வாசனை ஒரு வாரம் மேசை டிராயரை விட்டுப் போகவில்லை.

*

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். என்னுடையது டோர்ச் இல்லை, சைக்கிள் டைனமோ. போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையின்போது இங்கே டோர்ச் பற்றரியும் தடைப்பட்ட சாமான். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலை மிதிக்க, டைனமோவில் ரேடியோ கேட்ட வீடுகளில் எங்களுடையதும் ஒன்று. மிதிக்கிற முறை எப்போதும் எனக்குத்தான் வரும்.

அந்த டைனமோவை அண்மையில் எடுத்து எல்.இ.டி. பூட்டினேன். 6 வோல்ட், 3 வாட் என்று அடியில் பொறித்திருக்கிறது. வருவது திசை மாறி மாறி ஓடும் ஏசி, எல்.இ.டி.க்கு வேண்டியது ஒரே திசையில் ஓடும் டிசி, ஆகையால் ஒரு திசையில் மட்டும் விடுகிற டையோடு நாலு வைத்துப் பாலம் கட்ட வேண்டும். அதன் பிறகு 3 வாட் எல்.இ.டி. இரண்டை வரிசையாகக் கொடுத்தால் போதும், ரெசிஸ்டரே வேண்டாம். எவ்வளவு வேகமாக ஓடினாலும் டைனமோ அரை ஆம்பியருக்குப் பெரிதாக மேலே போகாது. மெதுவாக உருட்டும்போது மட்டும் வெளிச்சம் துடிக்கும்.

மகள் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றிப் பார்த்தாள். "ஏனப்பா, இதில ரேடியோவும் பாடுமோ?" என்று கேட்டாள். ரேடியோவைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.