டெடி தாம்கோவை எந்த வரிசையில் வைப்பது? (தலைப்பு திருத்தப்பட்டது)

தடகளப்பிரியன்:
பிரான்ஸின் மும்முறைத் தாண்டல் வீரர் தாம்கோ பற்றிப் பேச்செடுத்தாலே எல்லோரும் 18.04 மீட்டரோடு நின்றுவிடுகிறார்கள். 2013 மாஸ்கோ உலகப் போட்டி, கடைசித் தாவல், தங்கம். ஜோனதன் எட்வர்ட்ஸ், கென்னி ஹாரிசனுக்குப் பிறகு 18 மீட்டரைத் தாண்டிய மூன்றாவது மனிதர். சரி, அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஒரு ஒலிம்பிக்கில்கூட இறங்காதவரை மும்முறைத் தாண்டலின் பெரிய ஆட்கள் வரிசையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. கிறிஸ்டியன் டெய்லர் 2012, 2016 இரண்டிலும் தங்கம் எடுத்தவர், 18.21 வரை போனவர். தாம்கோவிடம் இருந்தது வீணாய்ப்போன திறமை, அவ்வளவுதான்.

மணற்குழி:
'வீணாய்ப்போன' என்று எப்படி எழுத மனம் வந்தது உங்களுக்கு? 2010இல் தோஹாவில் 17.90, உள்ளரங்க உலக சாதனை, அப்போது அவருக்கு 20 வயது. அதே வருடம் நியூயார்க்கில், திறந்தவெளியில் 17.98. அடுத்த மார்ச்சில், பிறந்த ஊரான பாரிஸில், ஐரோப்பிய உள்ளரங்கப் போட்டியின் இறுதிச்சுற்றில் 17.92ஐ ஒரு முறை இல்லை, இரண்டு முறை தாண்டினார். சில மாதங்களில் கணுக்கால் உடைந்தது, அந்த வருட உலகப் போட்டியும் போச்சு, லண்டன் ஒலிம்பிக்கும் போச்சு. எலும்பு உடைந்ததற்கு அவர் என்ன செய்வார்?

தடகளப்பிரியன்:
எலும்பைப் பற்றி நான் பேசவே இல்லை நண்பரே. 2014இல் ஓராண்டுத் தடை விழுந்ததே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்? ஊக்கமருந்து எடுத்து மாட்டவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திடீர் ஊக்கமருந்துப் பரிசோதனைக்காக எந்த நாளில் எந்த ஒரு மணி நேரம் எங்கே இருப்பேன் என்று முன்கூட்டியே பதிந்து வைப்பது அந்த நிலையில் இருக்கிற எல்லா வீரர்களுக்கும் உள்ள கடமை. மூன்று முறை தவறவிட்டார். அந்த ஆகஸ்டில் சூரிச்சில் ஐரோப்பியப் பட்டத்தை இன்னொரு பிரெஞ்சுக்காரர், பெஞ்சமின் கொம்பாவோரே, 17.46இல் எடுத்துக்கொண்டார். தாம்கோவின் சாதாரண நாள் தாவலே அதைவிட நீளம்!

மணற்குழி:
மாஸ்கோ முடிந்த சில மாதங்களில் கீழ்க்கால் எலும்பு உடைந்து கிடந்தவர் அவர், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தவறு அவருடையதுதான், அதை மூடி மறைக்கவில்லை. ஆனால் அந்த ஒரு வருடத்தை வைத்து மொத்த வாழ்க்கைக்கும் மதிப்பெண் போடாதீர்கள்.

செல்வி_தாண்டல்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும் அண்ணா. கல்லூரியில் மூன்று வருடம் இதே தாண்டலைச் செய்தவள் நான், 12 மீட்டரைக்கூட எட்டியதில்லை. முதல் தத்தலில் எந்தக் காலில் எழும்பினோமோ அதே காலில் இறங்கி, உடனே அதே காலை உந்தி மறு காலுக்குப் போக வேண்டும். அந்த இறக்கத்தில் பாதம் தளத்தில் தட்டையாக, பளாரென்று விழும், அதிர்ச்சி குதிகாலில் தொடங்கி இடுப்பு வரை ஏறும். உடல் எடையைப் போலப் பத்து மடங்குக்கு மேல் அந்த ஒரு காலில் இறங்குகிறது என்கிறார்கள், என் சின்னத் தாவலுக்கே பயிற்சி முடிந்து படி இறங்கினால் முழங்கால் நடுங்கும். தாம்கோ வந்த வேகத்தில், அந்த உயரத்திலிருந்து இறங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கணுக்கால், கீழ்க்கால், 2015இல் குதிகால் தசைநார், 2016 ஜூனில் ஆன்ஜேயில் நடந்த பிரெஞ்சு தேசியப் போட்டியில் தொடை எலும்பு. தொடை எலும்பு அண்ணா! ரியோவும் அங்கேயே முடிந்தது. இதைப் பார்த்த பிறகு எனக்கு 'வீண்' என்ற சொல்லே வரவில்லை.

தடகளப்பிரியன்:
நீங்கள் சொன்ன விதம் என்னை யோசிக்க வைக்கிறது தங்கச்சி. ஆனாலும் ஒரு பெரிய வெற்றிக்குப் பிறகு, 24 வயதிலேயே, எல்லாம் நின்றுபோனது உண்மைதானே?

மணற்குழி:
எல்லாம் எங்கே நின்றது? புர்கினா ஃபாசோவின் ஸாங்கோவுக்குப் பயிற்சி கொடுத்தது யார்? 2021 ஜனவரியில் ஓபியேரில் ஸாங்கோ 18.07 தாண்டினார், பத்து வருடமாக நின்ற 17.92 உள்ளரங்க சாதனை அதோடு உடைந்தது. உடைத்தவர் தாம்கோவின் மாணவர். அதே வருடம் டோக்கியோவில் வெண்கலம், அந்த நாட்டுக்கே முதல் ஒலிம்பிக் பதக்கம். தன் சாதனையைத் தானே ஆள் தயார் செய்து உடைக்க வைப்பதற்கு எவ்வளவு பெரிய மனது வேண்டும்!

தடகளப்பிரியன்:
பயிற்சியாளராக அவருக்கு நான் கைதட்டுகிறேன். வீரராக டெய்லருக்குக் கீழேதான் வைப்பேன், 2014ஐ மறக்கவும் மாட்டேன். ஆனால் தலைப்பில் 'வீணான திறமை' என்று போட்டிருந்தேன், அதை எடுத்துவிட்டேன்.