மாரிக்கு முன் மாமரத்தை வெட்டலாமா?

கொக்குவில் வளவு:
ஐப்பசி மழை தொடங்க முதல் ஒரு முடிவெடுக்க வேண்டும், தெரிந்தவர்கள் சொல்லுங்கள். யாழ்ப்பாணத்தில் எங்கள் வளவில் நிற்கிற கறுத்தக்கொழும்பான் மாமரம் நன்றாகச் சடைத்துவிட்டது, ஒரு பெரிய கொப்பு ஓட்டுக்கு மேலாலேயே போகிறது. மரம் வெட்ட வந்தவர் தலையை முழுதாகக் குறைத்துவிட்டால் புயலுக்குப் பயமில்லை என்கிறார். காய்க்கிற மரத்தில் கத்தி வைக்கவே கூடாது என்று அம்மா நிற்கிறா. இன்னொன்று, கிணற்றடித் தேசி (எலுமிச்சை) மரம் மஞ்சளாகிக்கொண்டு வருகிறது. அதற்கு அடுப்புச் சாம்பல்தான் போடுகிறோம், போதுமா?

உரும்பிராய்ச் செம்மண்:
தலையை வெட்ட விடாதீர்கள் தங்கச்சி! மாமரம் இங்கே பெரும்பாலும் தை, மாசியை ஒட்டித்தான் பூக்கிறது, அந்தப் பூவும் முற்றிய கிளை நுனியில்தான் வரும். இப்போது மொட்டையடித்தால் மழையோடு தளிர் தள்ளும், அது முற்றுவதற்குள் பூக்கிற காலம் வந்துவிடும், அப்புறம் வைகாசி ஆனியில் பழத்துக்கு எங்கே போவது? வெட்டிய இடத்தில் கொத்தாக வருகிற கிளைகளுக்குப் பிடிமானமும் குறைவு, பிறகு காற்றுக்கு முறிவது அவைதான். பெரிய கத்தரிப்பெல்லாம் பழம் பிடுங்கி முடிந்த கையோடு ஆடி ஆவணியில் செய்ய வேண்டிய வேலை.

ஆனால் ஓட்டுக்கு மேலே போகிற கொப்பை விட்டுவைக்க வேண்டாம், பட்ட கிளைகளையும் ஒன்றோடொன்று உரசுகிறவற்றையும் கூட எடுத்துவிடுங்கள், காற்று மரத்துக்குள்ளால் போக வழி கிடைக்கும். பெரிய கொப்பை ஒரே வெட்டில் விழுத்தினால் பட்டை கிழிந்து அடிமரம் வரை வரும். முதலில் அடிமரத்திலிருந்து ஓர் அடி தள்ளி கீழ்ப்பக்கமாகக் கொஞ்சம் அறுத்து, பிறகு அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்து விழுத்தி, மிஞ்சிய துண்டை அடியில் தடித்திருக்கும் வளையத்துக்கு வெளியே எடுக்கச் சொல்லுங்கள். அந்த வளையத்திலிருந்துதான் காயம் மூடும். தார், சீமெந்து ஒன்றும் பூச வேண்டாம்.

சுன்னாகத்து அக்கா:
அண்ணை சொன்னது சரி. எங்கள் பக்கத்தில் பல வளவுகளில் கொஞ்சம் தோண்டினாலே சுண்ணாம்புக்கல், வேர் பக்கவாட்டில்தான் ஓடுகிறது. மண் ஊறிய பிறகு காற்றும் அடித்தால் மரம் வேரோடு சாயும். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் வந்தபோது எவ்வளவு மழை பெய்தது! அதனால் மாரி நேரத்தில் மரத்தைச் சுற்றி ஆழமாகக் கொத்தி வேரை அறுக்காதீர்கள், தண்ணீர் தேங்காமல் வாய்க்கால் மட்டும் விடுங்கள்.

தேசிக்குச் சாம்பலை இன்றோடு நிறுத்துங்கள் பிள்ளை. நம் மண்ணிலும் கிணற்றுத் தண்ணீரிலும் ஏற்கெனவே சுண்ணாம்பு கூட, சாம்பலும் அதே குணம். மஞ்சள் எந்த இலையில் என்று பாருங்கள். இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் மரத்துக்கு இரும்புச்சத்து கிடைக்கவில்லை. மண்ணில் இரும்பு இருந்தாலும் சுண்ணாம்பு அதை வேருக்கு விடாது, அதனால் இரும்பு கலந்த நுண்ணூட்டத்தை, பைக்கற்றில் போட்டிருக்கிற அளவில், மழை இல்லாத ஒரு பின்னேரம் இலையில் தெளியுங்கள். அடி இலைகள் முழுதாக மஞ்சளானால் அநேகமாகத் தழைச்சத்துக் குறைவு, மக்கிய மாட்டெரு போடுங்கள். உதிர்கிற இலையையும் எரிக்காமல் மரத்தைச் சுற்றிப் பரப்பலாம், தண்டில் முட்டக் கூடாது.

கொக்குவில் வளவு:
மிக்க நன்றி. பார்த்தேன் அக்கா, இளம் இலைதான், நரம்பு பச்சை. மாங்கொப்பின் நுனி றோட்டு மின்கம்பிக்குக் கிட்ட நிற்கிறது, அதையும் இவரே வெட்டலாமா?

உரும்பிராய்ச் செம்மண்:
வேண்டவே வேண்டாம். ஈரக் கொப்பு கம்பியில் பட்டால் ஏணியில் நிற்கிறவருக்கு உயிர் போகும். மின்சாரசபைக்குச் சொல்லி லைனை நிறுத்திய பிறகுதான் அந்தக் கொப்பில் கை வைக்க வேண்டும். மழை பிடித்தால் அவர்களுக்கு வேலை குவிந்துவிடும், நாளைக்கே அறிவியுங்கள்.