லயத்துச் செங்கல்லைக் கவ்விய ஜெஜாவி: கல்லை எடுப்பதா, விடுவதா?

லயத்துப்பிள்ளை:
மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் நான் பிறந்த ரப்பர் தோட்டத்தில் பழைய லயத்தை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளை, இடிக்கிறார்கள். எங்கள் வீட்டுக் குசினிச் சுவர் வெடிப்பில் குருவி எச்சத்தில் முளைத்த ஜெஜாவி என்ற அத்தி இன மரம் ஒன்று உண்டு. அப்பா வருடா வருடம் பாராங் கத்தியால் வெட்டுவார், அது மறுபடி தழைக்கும். நிர்வாகத்திடம் கேட்டு, போன ஞாயிறு பெயர்த்து எடுத்தேன். அடிமரம் என் முழங்கைக் கனம். வேர்கள் ஒரு முழுச் செங்கல்லைச் சுற்றிப் பிடித்திருந்ததால் கல்லோடுதான் வந்தது. ஒன்றரை அடியில் வெட்டி, ஆற்றுமணலில் வைத்திருக்கிறேன். போன்சாய் ஆக்க வேண்டும். கல்லை அப்படியே விடலாமா?

வேர்ப்பித்தன்:
தம்பி, கல்லை எடுங்கள். ஜெஜாவி, அதாவது ஃபைக்கஸ் மைக்ரோகார்ப்பா, நம்ம ஊர் வெக்கையில் வேரை நறுக்கினாலும் பிழைக்கும். அடிவேரைச் சீர்படுத்த இதுதான் நேரம். மரம் மண்ணைத் தொடும் இடத்தில் நாலாப்பக்கமும் வேர் பரவியிருந்தால்தான் வயதான தோற்றம் வரும். உங்களுடையது சுவரில் வளர்ந்தது, வேர் ஒருபக்கமாகத்தான் இருக்கும். கல்மேல் வேர் படர விடுகிறவர்கள் கெட்டியான கல்லாகப் பார்த்து எடுப்பார்கள். பழைய செங்கல் ஈரத்தில் ஊறிப் பொடியும். அப்போது என்ன செய்வீர்கள்?

லயத்துப்பிள்ளை:
அண்ணே, அந்தக் கல்லின் ஒரு பக்கம் அம்மாவின் விறகடுப்புப் புகை படிந்து கருப்பாக இருக்கிறது. வேர் அந்த முனையில் மடங்கி, தோசை மாவு வழிந்த மாதிரி தட்டையாகி ஒட்டியிருக்கிறது. அதைப் பிய்த்தால் எனக்கு இந்த மரமே வேண்டாம்.

ஈப்போ அக்கா:
நான் தம்பி பக்கம். காட்டில் வேறு மரத்தைச் சுற்றி நெரிக்கும் அத்தியைப் பார்த்ததில்லையா? தாங்கிய மரம் உள்ளே மக்கிப்போன பிறகும் வேர்கள் கூண்டாக நிற்கும். இந்த இனத்தின் வேர்கள் நெருங்கி அழுத்தினால் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே மரமாகிவிடும். கல் பொடிவதற்குள் கூண்டு தயாராகிவிடும். ஆனால் தம்பி, இப்போதே சின்னச் சட்டிக்கு மாற்றாதே. ஆழமான பெட்டியில் மூன்று வருடமாவது வெட்டாமல் ஓடவிடு. கிளையை ஓடவிட்டால்தான் வெட்டுக்காயம் மூடும்.

வேர்ப்பித்தன்:
அக்கா, கூண்டு ஆக வேர் நிறைய வேண்டும். தம்பி, உங்களிடம் எத்தனை வேர்?

பழைய பால்வெட்டு:
நாப்பது வருஷம் ரப்பர் மரத்துல பால் வெட்டுனவன் சொல்றேன். கல்லப் பத்தி அப்புறம் பேசுங்க. மரத்தோட தலைய வெட்டுன இடம் எப்படி இருக்குது? பாராங்ல வெட்டுனா ஓரம் பிஞ்சிருக்கும். நல்லாத் தீட்டுன கத்தியால ஓரத்த வழவழன்னு சீவு, நடுவுல லேசா குழி வை, பட்ட உருண்டு வந்து மூடும். ரப்பர்ல கத்தி பட்டையத் தாண்டி உள்ள போனா புதுப் பட்ட முண்டு முண்டா வரும், தோட்டத்துக் கிராணி வந்து திட்டுவாரு. இதுவும் பால் மரந்தானே? பால் வழிஞ்சா தண்ணியத் தெளி, நிக்கும். தலையும் வெட்டி வேரையும் இப்பவே வெட்டாதே, பாவம்.

வேர்ப்பித்தன்:
ஐயா, ரப்பர் வேறு, ஜெஜாவி வேறு. அத்தி இனத்தில் ஒரே நாளில் இரண்டையும் வெட்டலாம், நான் செய்திருக்கிறேன், தழைத்தது. கத்தியைப் பற்றிச் சொன்னது சரி.

லயத்துப்பிள்ளை:
மணலை விலக்கி எண்ணினேன். முன்பக்கம் ஐந்து வேர், பின்பக்கம் இரண்டே. வேர்ப்பித்தன் அண்ணன் சொன்னது உண்மைதான், பின்னால் வெறும் கல் தெரிகிறது.

ஈப்போ அக்கா:
பின்பக்கம் ஈரப்பாசி வைத்து, வேரையும் கல்லையும் சேர்த்து பிளாஸ்டிக் தாளால் இறுக்கிச் சுற்றி, கல் மூடும்வரை மண்ணில் புதை. அடியில் மட்டும் திறந்திருக்கட்டும். புது வேர் கல்லை ஒட்டியே கீழே இறங்கும். மேலே விழுது விட்டால் சுவைபானம் உறிஞ்சும் குழாயை நீளவாக்கில் கீறி, பாசி அடைத்து, அதற்குள் விட்டு மண்வரை இறக்கு. கம்பி கட்டினால் வாரம் தவறாமல் பார், இந்த மரத்தில் சீக்கிரம் பட்டையில் பதிந்து தழும்பாகிவிடும்.

வேர்ப்பித்தன்:
எனக்கு இன்னும் சம்மதமில்லை. கல் வெடித்தால் ஒருபக்கம் சாய்ந்த மரம்தான் மிஞ்சும். மூன்று வருடத்தில் பிரிக்கும்போது படம் போடுங்கள். அதுவரை, வெட்டிய தலைப்பாகம் பச்சையாக இருந்தால் வீசிவிடாதீர்கள். கட்டைவிரல் கனமுள்ள கொம்பு மணலில் வேர்விடும். எனக்கு ஒன்று வையுங்கள்.

லயத்துப்பிள்ளை:
அப்பாவின் பால்வாளியில் தண்ணீர் ஊற்றி நிறுத்தியிருக்கிறேன். ஞாயிறு வாங்க அண்ணே.