லாங்குவேஜ் கோச்சிங், கலாச்சாரப் பயிற்சி: இதை நம்பி வேலையை விடலாமா?

கேள்விக்காரி:
வணக்கம் எல்லாருக்கும். சாஃப்ட்வேர் கம்பெனில வெளிநாட்டு கிளையன்ட்டோட பேசுற டீம் ஒண்ணைப் பாத்துக்கறேன். மீட்டிங்ல எப்படி மறுத்துப் பேசறது, வேலை தாமதம்னா அதை எப்போ வாயைத் திறந்து சொல்றது, எதிர்ல இருக்கறவங்க அமைதியா இருந்தா சம்மதம்னு எடுத்துக்கலாமா, இதெல்லாம் புதுசா வர்றவங்களுக்கு நான்தான் சொல்லிக் குடுக்கறேன், என் வேலைலயே எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுதான். இதையே முழுநேரமா பண்ணலாமான்னு மனசுல ஓடிக்கிட்டே இருக்கு. முதல்ல சர்டிபிகேட் வாங்கணுமா, நேரா இறங்கலாமா? ஏஐ வந்த பிறகு இந்தத் தொழில் நிக்குமா?

கறார்:
வேலையை விடாதீங்க மேடம். செலவைக் குறைக்கணும்னு வந்தா கம்பெனி முதல்ல கை வைக்கறது ட்ரெய்னிங்லதான். அதுவும் இல்லாம கலாச்சாரப் பயிற்சின்னு விக்கறதுல பெரும்பாலானது இந்த நாட்டுக்காரங்க இப்படி அந்த நாட்டுக்காரங்க அப்படின்னு ஸ்லைடு போடறதுதான். அதுக்கெல்லாம் மூலம் எதுன்னு பாத்தா ஹாஃப்ஸ்டட்ங்கற டச்சு ஆராய்ச்சியாளர். 1967லேர்ந்து 1973 வரைக்கும் ஐபிஎம்ங்கற ஒரே கம்பெனி ஆளுங்ககிட்ட வாங்கின ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கேள்வித்தாளை வெச்சு நாடு நாடா மார்க் போட்டு 1980ல புத்தகம் போட்டாரு. ஒரு கம்பெனி ஆளுங்க எப்படி ஒரு நாட்டுக்கே பிரதிநிதி ஆவாங்கன்னு மெக்ஸ்வீனிங்கற ஆய்வாளர் 2002லயே பிரிச்சு மேஞ்சுட்டாரு. ஒரே நாட்டுக்குள்ளயே ஃபேக்டரி மேனேஜர் பேசறதும் டிசைனர் பேசறதும் வேற வேற. அரைநாள் ஒர்க்‌ஷாப்ல உக்காந்துட்டுப் போறவங்க மறுநாள் பழையபடிதான் மெயில் எழுதறாங்க. இதுக்காக மாசச் சம்பளத்தை விடணுமா?

பயிற்சிமேடை:
கறார் ப்ரோ, ஹாஃப்ஸ்டட் விஷயத்துல உங்க கோபம் நியாயம். நாட்டோட சராசரியைத் தூக்கி ஒரு தனி ஆள் மேல ஒட்டக் கூடாதுன்னு அவரே சொல்லியிருக்காரு, விக்கறவங்கதான் அதை மறந்துடறாங்க. ஆனா அந்த ஸ்லைடுதான் மொத்தத் தொழிலும்னு சொல்றீங்க பாருங்க, அங்கதான் எனக்கு ஒத்துவரல. இந்தத் துறை எப்படி ஆரம்பிச்சுது? 1950கள்ல எட்வர்ட் ஹால்ங்கற மானுடவியலாளர் அமெரிக்க வெளியுறவுத் துறையோட பயிற்சி நிறுவனத்துல, வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பற அதிகாரிகளுக்கு வகுப்பு எடுத்தாரு. கலாச்சாரம்னா என்னங்கற தத்துவம் அவங்களுக்கு வேண்டியிருக்கல, போற இடத்துல எப்படி நடந்துக்கறதுன்னுதான் கேட்டாங்க. அதனாலதான் எவ்வளவு தள்ளி நின்னு பேசறது, நேரத்தை எப்படிப் பாக்கறாங்க, குரலை எப்படி வெச்சுக்கறதுன்னு அவரு கண்ணுக்குத் தெரியற விஷயங்களுக்கு இறங்கி வந்தாரு, 1959ல அவரோட புத்தகம் வந்ததும் அந்த அனுபவத்துலேர்ந்துதான். இன்னிக்கும் காசு குடுக்கறவங்க கேக்கறது அதேதான், நாளைக்குக் காலைல இருக்கற மீட்டிங்ல நான் என்ன செய்யணும்?

இது ஏதோ நாசூக்கு பழகற விஷயமும் இல்ல. 1990 ஜனவரில ஏவியான்கா 52 விமானம் நியூயார்க் மேல ஒரு மணி நேரத்துக்கும் மேல காத்திருந்து எரிபொருள் தீந்து விழுந்துச்சு, 73 பேர் செத்துப் போனாங்க. எரிபொருள் கம்மியா இருக்குன்னு பைலட்டுங்க சொன்னாங்க, முன்னுரிமை கேட்டாங்க, ஆனா கன்ட்ரோலர் உடனே வழிவிடற மாதிரி அவசரநிலைன்னு அறிவிக்கவே இல்ல. இலக்கணத் தப்பு இல்ல அது. எப்போ, எவ்வளவு அழுத்தமா சொல்லணும்ங்கறதுல விழுந்த ஓட்டை. நாங்க வேலை செய்யற இடம் அதுதான்.

கறார்:
கனமான உதாரணம், மறுக்கல. ஆனா அது என் பக்கத்துக்குத்தான் பேசுது. விமானத்துல ஐசிஏஓங்கற சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு விதி போட்டுச்சு, சர்வதேச வழில பறக்கறவங்களுக்கு இங்கிலீஷ் பேசற திறமைல ஆறு லெவல்ல நாலாவது லெவலாவது வேணும், 2008ல அமலுக்கு வந்து தயாராகாத நாடுகளுக்கு 2011 வரைக்கும் அவகாசமும் குடுத்தாங்க. விதி கட்டாயப்படுத்துது, அதனால பயிற்சிக்குக் காசு வருது. சாஃப்ட்வேர் கம்பெனியை எந்த விதி கட்டாயப்படுத்துது?

இரவுப்பணி:
நடுவுல வர்றேன் மன்னிக்கணும். நர்ஸுங்களுக்கு ஓஇடி, அதாவது மருத்துவத் துறை ஆளுங்களுக்கான இங்கிலீஷ் பரீட்சைக்கு சொல்லிக் குடுக்கறேன். அதுல பேச்சுத் தேர்வே நோயாளிகிட்ட பேசற மாதிரி நடிச்சுக் காட்டறதுதான், பயந்து போயிருக்கறவங்ககிட்ட எப்படி விளக்கற, அவங்க சொல்றதை முழுசா கேக்கறியான்னுகூட மார்க் உண்டு. வெறும் இங்கிலீஷ் டீச்சரா இருந்திருந்தா என்கிட்ட யாரும் வந்திருக்க மாட்டாங்க, வார்டுல வேலை பாத்ததாலதான் வர்றாங்க. கேள்விக்காரி அக்கா, உங்களுக்கு சாஃப்ட்வேர் வேலை உள்ளுக்குள்ள தெரியும்ல, அதை விட்டுட்டுப் பொதுவா "கலாச்சாரப் பயிற்சியாளர்"னு போர்டு மாட்டாதீங்க.

கேள்விக்காரி:
இது யோசிக்க வைக்குது. அப்போ சர்டிபிகேட்?

பயிற்சிமேடை:
எந்தக் கதவைத் தட்டப் போறீங்கங்கறதைப் பொறுத்து. மொழிப் பள்ளிக்கூடத்துல வேலைன்னா செல்டாங்கற இங்கிலீஷ் டீச்சிங் சர்டிபிகேட் கேப்பாங்க, 120 மணி நேரமாவது படிப்பு, அதுல ஆறு மணி நேரம் நிஜ மாணவங்களுக்கு முன்னாடி நின்னு நடத்தணும், ஒருத்தர் பின்னாடி உக்காந்து குறிப்பு எடுப்பாரு, அதுக்காகவே செய்யலாம். கோச்னு போட்டுக்கணும்னா கோச்சுங்களுக்கான சர்வதேச அமைப்பு ஐசிஎஃப்போட ஆரம்பநிலை சர்டிபிகேட் ஏசிசி, 60 மணி நேரப் பயிற்சி, 100 மணி நேரம் கோச்சிங் செஞ்ச அனுபவம். அதுல எனக்குக் கிடைச்ச லாபம் வாயை மூடிக்கிட்டு கேக்கற பழக்கம். டீச்சர் பாடத்தோட வருவாங்க, கோச் அந்த ஆளு நேத்து பேசின மீட்டிங் ரெக்கார்டிங்கைக் கேட்டு, எங்க தடுமாறினாங்கன்னு கண்டுபிடிச்சு, அடுத்த மீட்டிங்குக்கு அதையே ஒத்திகை பாக்க வைப்பாங்க.

கறார்:
சர்டிபிகேட் விக்கறவங்களுக்குத்தான் நிச்சய வருமானம், இதுல நான் மாற மாட்டேன். மூணே மாசத்துல சரளம்னு விளம்பரம் பண்றவங்களையும் பாத்தாச்சு. நீங்க சொன்ன அதே வெளியுறவுப் பயிற்சி நிறுவனக் கணக்குப்படியே இங்கிலீஷ் பேசற ஒருத்தர் ஜப்பானிய மொழில வேலை பாக்கற அளவுக்கு வர 2200 வகுப்பு மணி நேரம். ஏஐ வேற வந்துடுச்சு, ராத்திரி ரெண்டு மணிக்குக்கூட ரோல்பிளே பண்ணுது, மெயிலைத் திருத்தித் தருது.

பயிற்சிமேடை:
மெயில் திருத்தற வேலை போயிடுச்சு, அதை மட்டும் வெச்சிருந்தவங்க கஷ்டப்படறாங்க, நிஜம். ஒத்திகைக்கு நானே என் ஆளுங்களை ஏஐகிட்ட அனுப்பறேன். ஆனா மீட்டிங்ல யாரு யாரு பேச்சை வெட்டறாங்க, எந்த மேனேஜர் வந்தா மொத்த டீமும் ஊமையாயிடுதுன்னு உள்ள உக்காந்து பாத்து, அந்த மேனேஜர்கிட்டயே போய் பக்குவமா சொல்றதுக்கு ஒரு மனுஷன் வேணும். அதோட நாம எப்பவும் ஒரு பக்கத்தையே திருத்தறோம். இங்கிலீஷைத் தாய்மொழியா பேசறவங்களுக்கும் பயிற்சி வேணும், வேகத்தைக் குறைக்கணும், மரபுத்தொடரை விடணும், முடிவை மீட்டிங் கடைசில எழுத்துல போடணும். ஜெனிஃபர் ஜென்கின்ஸ்ங்கற மொழியியலாளர் 2000லயே காட்டினாங்க, தாய்மொழிக்காரங்க மாதிரி உச்சரிக்கணும்னு அவசியம் இல்ல, ஒருத்தருக்கொருத்தர் புரியறதுக்கு சில ஒலிகள் சரியா வந்தா போதும்னு. ஆனாலும் உச்சரிப்பை மாத்தித் தர்றேன்னு காசு வாங்கறாங்க, எனக்கு அதுதான் வயித்தெரிச்சல்.

கறார்:
அந்தக் கடைசி விஷயத்துல உங்க கூட நிக்கறேன். மத்தபடி மேடம், சம்பளம் வந்துக்கிட்டு இருக்கும்போதே உங்க கம்பெனிகிட்ட கேட்டு இன்னொரு டீமுக்கு நடத்துங்க. முன்னாடி ஒரு மாசம் எத்தனை வேலை தப்பாப் புரிஞ்சு திரும்பி வந்துச்சு, பின்னாடி எத்தனைன்னு குறிச்சு வைங்க. அந்தக் கணக்கைக் காட்டினா எந்த பட்ஜெட்காரரும் உங்களை உக்கார வெச்சுப் பேசுவாரு. கணக்கு மாறலைன்னா உங்களுக்கே தெரிஞ்சுடும்.

கேள்விக்காரி:
அடுத்த காலாண்டுல புது டீம் ஒண்ணு வருது, அவங்க மேனேஜர்கிட்ட திங்கட்கிழமையே கேக்கறேன்.

இரவுப்பணி:
கேக்கறதுக்கு முன்னாடி உங்க ஆஃபர் லெட்டரை ஒரு தடவை படிங்க அக்கா, வெளில தனியா பயிற்சி குடுக்கக் கூடாதுன்னு ஷரத்து இருந்தாலும் இருக்கும்.