தண்ணி குடிச்ச படகு: பழைய ஹோபி 16-ஐப் பந்தயத்துக்குத் தேற்றிய கதை

நாகப்பட்டினம்:

மூன்று வருடம் முன்பு, ஒரு கடற்கரை விடுதியின் வேலியோரம் கவிழ்த்துப் போட்டிருந்த ஹோபி 16 ஒன்றை வாங்கினேன். இரண்டு ஃபைபர் உடல்களைப் பக்கத்துப் பக்கமாக இணைத்த சின்னப் பாய்ப்படகு அது, ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' என்பார்கள். பாய், பாய்மரம், சுக்கான் எல்லாம் சேர்த்து ஒரு பழைய பைக்கின் விலைதான். சென்னையில் நடக்கும் கிளப் பந்தயங்களில் ஓட்ட வேண்டும் என்ற ஆசை. லாரியில் ஏற்றி அக்கரைப்பேட்டையில் ஒரு கொட்டகையில் இறக்கினோம்.

அங்கேதான் அந்தப் பெரியவரைப் பார்த்தேன். சுனாமி வரைக்கும் கட்டுமரத்தில் போனவர், அப்புறம் இந்தக் கரையில் பலரையும் போல ஃபைபர் படகுக்கு மாறியவர். படகை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "இதையா கட்டுமரம்னு சொல்றானுவ? கட்டவும் இல்ல, மரமும் இல்ல" என்றார். பிறகு ஒரு பக்க அணியத்தை, அதாவது முன்முனையை, தோளால் நெம்பித் தூக்கினார். அடுத்த பக்கத்தையும் அதேபோல். "இடது மரம் தண்ணி குடிச்சிருக்கு தம்பி."

நான் நம்பவில்லை. உடல் எடை பார்க்கும் மெஷின் ஒன்றை வீட்டிலிருந்து எடுத்துப்போய் நிறுத்தால், இடது பக்கம் ஏழு கிலோ அதிகம். பின்பக்கத்து அடைப்பானைத் திருகியதும் அழுகின வாடையோடு அரை வாளித் தண்ணீர் கொட்டியது. வடித்த பிறகும் இரண்டு கிலோ வித்தியாசம் போகவில்லை. முழுப் படகே 145 கிலோதான். அதில் இரண்டு கிலோ என்பது பந்தயத்தில் சும்மா விடுகிற கணக்கு இல்லை. கட்டுமரக்காரர்கள் கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகக் காயப்போட்டது எதற்கென்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அடுத்த சண்டை ஃபைபர் வேலைக்காரரோடு. கெட்டிக்காரர். ஐந்து ரூபாய்க் காசால் மேல்தளத்தைத் தட்டிக்கொண்டே போவார். நல்ல இடம் 'டக்' என்னும், கெட்ட இடம் 'தொப்' என்னும். 'தொப்' கேட்ட இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டார். பாய்மரத்துக்கு முன்னால் ஒன்றரை அடி நீளத்துக்கு ஒரு பெரிய வட்டம். ஹோபியின் உடல் இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே நுரைப்பலகை வைத்துச் செய்தது. வெயிலிலும் ஈரத்திலும் வருடக்கணக்கில் கிடந்ததில் தோலும் நுரையும் பிரிந்திருந்தன. அவர் சொன்ன வைத்தியம்: "மேல மூணு ஃபைபர் மேட் போட்டு ரெசின் அடிச்சிடலாம்ண்ணே, பத்து வருசம் பாக்க வேணாம்." மணலில் இழுபடும் மீன்பிடிப் படகுக்கு அது சரியான பேச்சு. எனக்குத் தேவை கனம் ஏறாமல் விறைப்பு. அதோடு, ஹோபி 16 ஒரே அச்சுப் படகுகள் மோதும் வகுப்பு. பழுது பார்க்கலாம், வடிவத்தை மாற்றக் கூடாது.

கடைசியில் ஊசி வைத்தியம்தான். மூன்று மில்லி துளைக்கம்பியில் டேப் சுற்றி, மேல்தோலை மட்டும் தாண்டும்படி, ஓர் அங்குலத்துக்கு ஒன்றாகத் துளைகள். இரண்டு வாரம் சித்திரை வெயிலில் காயவிட்டு (மழை மாதத்தில் இந்த வேலையைத் தொடவே தொடாதீர்கள்), எபாக்ஸி என்னும் இறுகிக் கெட்டியாகும் பசையை மருந்துக்கடை சிரிஞ்சில் ஏற்றி ஒரு துளையில் செலுத்தினால், பக்கத்துத் துளைகளில் எட்டிப் பார்க்கும். அதை டேப்பால் மூடி அடுத்ததுக்குப் போக வேண்டும்.

முதல் நாள் மதியம் ஒரு மணிக்கு ஒரு பெரிய குவளை நிறையக் கலந்தேன். பத்து நிமிஷத்தில் குவளை கையைச் சுட்டது, அப்புறம் புகைந்தது, அப்புறம் கல்லாகிவிட்டது. ஃபைபர்காரர் சிரித்துவிட்டு, "சின்னச் சின்னதா கலங்க, சாயங்காலம் பண்ணுங்க" என்றார். காரணமும் சொன்னார்: வெயில் ஏறும்போது உள்ளே இருக்கும் காற்று விரிந்து பசையை வெளியே தள்ளும், இறங்கும்போது உள்ளே இழுத்துக்கொள்ளும். இதை நான் பார்த்த எந்த வீடியோவிலும் யாரும் சொல்லவில்லை. மணலில் இழுத்துத் தேய்ந்த அடிப்பாகத்தில் மட்டும் அவர் ஆசைப்படி இரண்டு அடுக்கு போடவிட்டேன். அது தேவையும்கூட.

ஒழுக்கு பார்க்க சோப்புத் தண்ணீர். அடைப்பான் துளையில் குழாய் செருகி வாயால் ஊதினால் போதும், கம்ப்ரசர் வைத்தால் படகு பிளந்துவிடும். மேல்தளமும் உடலும் சேரும் ஓரத்தில் மூன்று இடத்தில் குமிழி வந்தது. அடைத்தோம்.

முதல் பந்தயத்தில் ஒன்பது படகில் ஆறாவது. கரைக்கு வந்து அடைப்பானைத் திறந்தால் அரை டம்ளர் தண்ணீர். பெருமையோடு பெரியவருக்குப் போன் போட்டேன். "அந்த அரை டம்ளர் எங்கேருந்து வந்துச்சின்னு பாரு" என்று வைத்துவிட்டார்.

வேதாரண்யம்:

என்னுடைய ஹோபியும் பழசுதான். உடல் நன்றாக இருந்ததால் அதை அதிகம் சீண்டவில்லை. பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகளை மட்டும் பளபளப்பைப் பார்த்து ஏமாந்து விட்டுவிட்டேன். கம்பி முனையை அழுத்திச் சேர்த்திருக்கும் குழலுக்குள் துரு இருந்திருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. கோடியக்கரை பக்கம் நல்ல சோழகத்தில் (தெற்குக் காற்றில்) போகும்போது 'டங்' என்று ஒரு சத்தம், பாய்மரம் தண்ணீரில் கிடந்தது. எங்களுக்கு அடியில்லை. எத்தனை வருடக் கம்பி என்று தெரியாவிட்டால் மொத்தத்தையும் மாற்றிவிடுங்கள். இன்னொன்று: பாய்மரத்தை நிறுத்தியபடி படகை இழுக்கும்போது தலைக்கு மேலே மின்கம்பி இருக்கிறதா என்று ஒருவர் பார்த்துக்கொண்டே வரட்டும். பழைய பாய்மரம் உச்சிவரை அலுமினியம்.

காரைக்கால்:

நாகைக்காரருக்கு: சுக்கான் மாட்டும் பிடியின் திருகுகளைப் பார்த்தீர்களா? ஓரத்தையெல்லாம் அடைத்துவிட்டு அதை விட்டுவிடுவது நாம் எல்லாரும் செய்கிறதுதான். ஊதும்போது சுக்கானைப் பிடித்து ஆட்டிக்கொண்டே ஊதுங்கள். சும்மா நிற்கும்போது குமிழி வராது.

அப்படியே இரண்டு சுக்கான் பலகைகளின் இடைவெளியையும் அளந்துவிடுங்கள். பின்விளிம்பைவிட முன்விளிம்பு இரண்டு மில்லி நெருங்கி இருந்தால் சரி. என்னுடையது ஒரு விரற்கடை கோணலாக இருந்தது. ஒரு சீசன் முழுக்கப் பாயைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

நாகப்பட்டினம்:

இடது சுக்கான், கீழ்த்திருகு. ஆட்டியதும் குமிழி. பெரியவரிடம் இன்னும் சொல்லவில்லை, சொன்னால் வலது பக்கத்தையும் தோளில் தூக்கிப் பார்க்க வந்துவிடுவார்.