பள்ளிக்கூடத்தில் அரசுக்கு என்ன வேலை? பட்டவர்கள் சொல்லுங்கள்

வந்தவாசிக்காரி:

அரசு பள்ளிக்கூட விஷயத்தில் தலையிடக் கூடாது என்று வாயைத் திறந்தாலே, ஏதோ பெரிய கல்வி முதலாளிக்காகப் பேசுகிறோம் என்று நினைத்துவிடுகிறார்கள். நான் பார்த்தது வேறு. பெரிய பள்ளிகளுக்கு எந்த விதியாலும் ஒன்றும் ஆகவில்லை. அவர்களுக்கு வக்கீல் உண்டு, ஆடிட்டர் உண்டு, ஃபைலைத் தூக்கிக்கொண்டு சென்னைக்குப் போய்வர ஒரு ஆள் உண்டு. மூடப்பட்டது நாங்கள் நடத்தியது போன்ற பள்ளிகள்.

நான் வேலை பார்த்தது ஐந்தாம் வகுப்பு வரை உள்ள ஒரு நர்சரி பிரைமரி பள்ளி. நெசவு, கொத்தனார் வேலை, டெம்போ ஓட்டுகிற வீட்டுப் பிள்ளைகள். தறியில் வேலை இல்லாத மாதம் ஃபீஸ் வராது, தறிக்குப் பாவு நூல் வந்த பிறகு வாங்கிக்கொள்வோம், அதற்காக எந்தப் பிள்ளையையும் வாசலில் நிறுத்தியது கிடையாது. ஒன்றாம் வகுப்பு முடியும்போது பிள்ளை எழுத்துக்கூட்டி வாசிக்கவில்லை என்றால் அம்மாக்கள் நேராக வந்து தலைமையாசிரியையைக் கேட்டுவிடுவார்கள். ஒருவர் டிசி வாங்கிக்கொண்டு போனால் அந்தத் தெருவே பேசும் என்ற பயம் எங்கள் எல்லாருக்கும் இருந்தது. எங்களை ஒழுங்காக வேலை செய்ய வைத்தது அந்தப் பயம்தான், எந்த அதிகாரியும் இல்லை.

அங்கீகாரம் புதுப்பிக்கிற வருடம் வந்தால் தலைமையாசிரியை அம்மாவை வகுப்பில் பார்க்க முடியாது. கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமம், தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, சுகாதாரச் சான்று என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு அலுவலகம். ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகிவிடும். அப்புறம் அதை முதலிலிருந்து. எந்த மேஜையில் எவ்வளவு என்பது எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஆய்வுக்கு வந்தவர்கள் சுற்றுச்சுவரைப் பார்த்தார்கள், கழிப்பறையை எண்ணினார்கள், பதிவேட்டைப் புரட்டினார்கள். நான் இருந்தவரை ஒருவர்கூட ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு பத்தி வாசிக்கச் சொல்லவில்லை.

பெற்றோர்களே கேட்டதால் பள்ளியை மெட்ரிகுலேஷன் ஆக்கலாம் என்று ஒரு கட்டத்தில் யோசித்தோம். இட அளவு விதியைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிட்டது. பேரூராட்சி என்றால் 1 ஏக்கர், கிராம ஊராட்சி என்றால் 3 ஏக்கர் வேண்டும் என்று இருந்தது. வாடகை வீட்டில் பள்ளி நடத்துகிற ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு ஊருக்குள் ஒரு ஏக்கர் எங்கிருந்து வரும்? இதே இட அளவுப் பிரச்சினையில் தமிழ்நாட்டில் 746 பள்ளிகள் பல வருடம் தற்காலிக அங்கீகாரத்திலேயே ஓடின. இந்த வருடம் பள்ளி இருக்கும், அடுத்த வருடம் தெரியாது என்ற நிலையில் எந்த நல்ல ஆசிரியர் வேலைக்கு வருவார்?

கல்வி உரிமைச் சட்டத்தின் 18ஆம் பிரிவை எல்லாரும் ஒரு முறை படித்துப் பாருங்கள். அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்தினால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அதற்குப் பிறகும் நடத்தினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வரை. அரசு தானே நடத்துகிற பள்ளிக்கு அந்தச் சான்றிதழே தேவையில்லை என்று அதே பிரிவின் முதல் வரியில் விலக்கு இருக்கிறது. ஒரே தெருவில் இரண்டு பள்ளி, இரண்டிலும் கழிப்பறை சரியில்லை என்று வையுங்கள். ஒன்றுக்குப் பூட்டு, இன்னொன்றுக்கு அடுத்த நிதியாண்டில் பார்க்கலாம். ஆட்டத்தில் ஓடுகிறவரே விசிலும் ஊதுகிறார்.

கடைசியில் எங்கள் பள்ளியை முடித்தது கொரோனா. 2020 மார்ச்சில் மூடியது, ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை 2021 நவம்பர் 1 அன்றுதான் திறக்க அனுமதி வந்தது. எங்கள் ஊரில் கடைகள் திறந்திருந்தன, பேருந்து ஓடியது, கல்யாணம் நடந்தது. மரத்தடியில் பத்துப் பத்துப் பிள்ளையாக உட்காரவைத்துப் பாடம் நடத்தலாமா என்று பெற்றோர்களே கேட்டார்கள். எங்களால் சரி என்று சொல்ல முடியவில்லை, அங்கீகாரம் போய்விடும். ஊரில் யாருக்கு நோய், யாருக்கு இல்லை என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் முடிவு எங்கள் கையிலும் இல்லை, பெற்றோர் கையிலும் இல்லை. திறந்தபோது ஆசிரியைகளில் பாதிப்பேர் துணிக்கடைக்கும் கம்பெனி வேலைக்கும் போயிருந்தார்கள். நான் முதலில் சேர்த்துக்கொண்ட பிள்ளைகள் இப்போது வேனில் ஒரு மணி நேரம் போய்ப் படிக்கிறார்கள், எங்களுக்குக் கட்டியதைவிடப் பல மடங்கு ஃபீஸ் கட்டி.

அரசமரத்தடி:

அக்கா, 2011ஐ யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். என் மகன் அப்போது பத்தாம் வகுப்பு. மே மாதம் ஆட்சி மாறியது, எல்லாப் பள்ளிக்கும் ஒரே பாடத்திட்டம் என்று கொண்டுவந்த சமச்சீர் கல்வியை நிறுத்தி வைக்கிறோம் என்றார்கள். உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம், நிபுணர் குழு, மறுபடி உயர் நீதிமன்றம், மறுபடி உச்ச நீதிமன்றம். புத்தகம் அச்சாகிக் கிடக்கிறது, பிள்ளைகள் கையில் ஒன்றும் இல்லை. ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் புத்தகம் வந்தது. அதுவரை பொதுத்தேர்வு எழுத வேண்டிய பிள்ளைகளுக்கு அவன் பள்ளியில் பழைய இலக்கணமும் மனக்கணக்கும் நடத்தினார்கள், பாவம் ஆசிரியர்கள் வேறென்ன செய்வார்கள். வந்த புத்தகத்திலும் சில பக்கங்களில் ஸ்டிக்கர் ஒட்டி மறைத்திருந்தார்கள். ஏன்டா கிழிக்கிறாய் என்று கேட்டால், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கிறேன் என்றான்.

சமச்சீர் நல்ல திட்டமா இல்லையா என்பதற்குள் நான் போகவில்லை. கோட்டையில் ஆள் மாறியதற்கு மாநிலம் முழுக்கப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரே நேரத்தில் புத்தகம் இல்லாமல் உட்கார்ந்தார்கள், எனக்கு அதுதான் கேள்வி. ஒவ்வொரு பள்ளியும் தன் புத்தகத்தைத் தானே தேர்ந்தெடுத்திருந்தால் இது நடந்திருக்குமா?

மூன்று சக்கரம்:

நான் ஆட்டோ ஓட்டுகிறேன். கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்குகிற 25 சதவீத இடத்தில் சின்னவளைச் சேர்க்கலாம் என்று 2025 ஏப்ரலில் சாதிச் சான்று, வருமானச் சான்று எல்லாம் எடுத்து வைத்துக் காத்திருந்தேன். விண்ணப்பமே திறக்கவில்லை. மத்திய அரசின் பள்ளித் திட்டமான பிஎம் ஸ்ரீயில் மாநில அரசு கையெழுத்துப் போடவில்லை என்று மத்திய அரசு பணத்தை நிறுத்திவிட்டது, பணம் வரவில்லை என்று மாநில அரசு சேர்க்கையை நிறுத்திவிட்டது. ஜூனில் பள்ளி திறந்துவிட்டது, பிள்ளையை வீட்டில் வைத்திருக்க முடியுமா? வட்டிக்கு வாங்கிக் கட்டினேன். அக்டோபரில்தான் சேர்க்கை என்று அறிவித்தார்கள்.

யார் பக்கம் நியாயம் என்று தொலைக்காட்சியில் தினமும் பேசினார்கள். எனக்கு இரண்டு பக்கமும் வேண்டாம். ஏழைப் பிள்ளைக்கு என்று ஒதுக்குகிற பணத்தை அந்தப் பிள்ளையின் பெயரில் கொடுத்துவிடுங்கள், எந்தப் பள்ளி என்று நானும் என் வீட்டுக்காரியும் பார்த்துக்கொள்கிறோம். கேஸ் மானியம் வங்கிக் கணக்குக்கு நேராக வருகிறதே, இதை ஏன் அப்படித் தர முடியாது?

பொருநை:

இதையெல்லாம் படிக்க வருத்தமாக இருக்கிறது, ஆனாலும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். ஊர் அரசுப் பள்ளி, சத்துணவு, இலவசப் பேருந்து அட்டை, இது மூன்றும் இல்லையென்றால் இன்று நான் செங்கல் சூளையில் இருந்திருப்பேன். திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்தில் எங்கள் ஆட்களைத் திண்ணைக்குப் பக்கத்தில் விட்டார்களா? காமராஜர் ஊருக்கு ஊர் பள்ளி திறந்திருக்காவிட்டால் யார் திறந்திருப்பார்கள்? கும்பகோணத்தில் 2004இல் பள்ளியில் தீப்பிடித்து 94 பிள்ளைகள் கருகிச் செத்தார்களே, கேட்க ஆள் இல்லாமல் விட்டால் அதுதான் நடக்கும்.

வந்தவாசிக்காரி:

தம்பி, நீங்கள் சொல்வதில் திண்ணைப் பள்ளி பற்றிய பேச்சு முழுக்க உண்மை. 1820களில் சென்னை கவர்னர் மன்றோ காலத்தில் எடுத்த கணக்கில் சென்னை மாகாணத்தில் 11,000க்கும் மேற்பட்ட பள்ளிகள் இருந்தன, அரசு நடத்தாமலேயே. ஆனால் உங்கள் ஆட்களுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் அங்கே பெரும்பாலும் இடம் இல்லை என்பதை நான் மறைக்கவில்லை. சோறும் பேருந்து அட்டையும் வேண்டாம் என்றும் நான் எங்கேயும் சொல்லவில்லை. பிள்ளைக்கு உதவுவது வேறு, எந்தப் பள்ளி இருக்கலாம், என்ன நடத்தலாம், எவ்வளவு நிலம் வேண்டும் என்று முடிவு செய்வது வேறு.

காமராஜர் படித்தது எங்கே தெரியுமா? விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை. 1889இல் நாடார் சமூகத்தார் வியாபாரத்தில் பொதுவுக்கு என்று எடுத்துவைக்கிற மகமைப் பணம் போட்டு, வீட்டுக்கு வீடு ஒரு பிடி அரிசி என்று பிடியரிசி எடுத்து வளர்த்த பள்ளி. ஒதுக்கப்பட்டவர்கள் அரசு வந்து செய்யட்டும் என்று காத்திருக்கவில்லை, தாங்களே கட்டினார்கள். அவர் முதல்வரான பிறகு நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளிலும் ஊர் மக்கள்தான் பெஞ்சும் கடிகாரமும் நிலமும் கொடுத்தார்கள். இன்று ஒரு ஊர் சேர்ந்து பிடியரிசியில் பள்ளி தொடங்கினால் அங்கீகாரம் கிடைக்குமா என்று நினைத்துப் பாருங்கள்.

கும்பகோணம் பற்றிப் பேசும்போது எனக்கும் கை நடுங்கும், நானும் சின்னப் பிள்ளைகளை வைத்துப் பாடம் நடத்தியவள். ஆனால் அந்தப் பள்ளி அதிகாரிகளுக்குத் தெரியாமல் எங்கோ ஒளிந்து நடந்ததில்லை. அந்த வழக்கில் கல்வித் துறையைச் சேர்ந்தவர்களும் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். தீ பாதுகாப்புக்குச் சட்டம் கட்டாயம் வேண்டும், கல்யாண மண்டபத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் இருப்பது போல. அந்த 94 பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக்கொண்டு ஃபீஸ், பாடப்புத்தகம், நிலம் எல்லாவற்றையும் ஒரே துறை கையில் வைத்திருப்பதைத்தான் நான் ஏற்கவில்லை.

பொருநை:

மகமைப் பணம் உள்ள சமூகம் கட்டிக்கொள்ளும் அக்கா. எங்கள் சேரியில் பிடியரிசி எடுத்தால் அன்றைக்கு உலை கொதிக்காது.

மூன்று சக்கரம்:

அதற்குத்தான் சார் பணத்தைப் பிள்ளை பெயரில் கொடுங்கள் என்கிறேன். உங்கள் ஊர்ப் பிள்ளைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கொடுக்கட்டும், நான் எதிர்க்க மாட்டேன்.

வந்தவாசிக்காரி:

இது சரி. பொருநை தம்பி கேட்டதற்கு என்னிடம் இதைவிட நல்ல பதில் இல்லை. அப்புறம், வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுக்கலாமா என்று தனிச்செய்தியில் சிலர் கேட்டிருந்தீர்கள். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் (NIOS) 14 வயது முடிந்த பிள்ளை நேராகப் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பதிவு செய்யலாம், அதுவரை தொடர்ந்து பள்ளிக்குப் போயிருக்க வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. அப்படி எழுதவைத்தவர்கள் யாராவது இருந்தால் எந்தப் பாடங்கள் எடுத்தீர்கள், பிறகு பதினொன்றாம் வகுப்பில் சேரும்போது பள்ளிகள் என்ன சொன்னார்கள் என்பதைக் கீழே எழுதுங்கள்.