ரெண்டு ஒயரும் ஒரே சுவிட்ச்ல

குழு: பிரஸ்காரர் வீடு (சிவகாசி)

திங்கள்

காலை 6:48 – அத்தை: இனிய காலை வணக்கம் 🌺🙏 இன்றைய நாள் இனிதாகட்டும்

காலை 9:41 – பெரியப்பா: முத்து எங்கப்பா இருக்க. பிரஸ்ல ஒண்ணும் ஓடல

காலை 9:42 – சித்தி: பில் போட முடியல. சாஃப்ட்வேர் சுத்திக்கிட்டே நிக்குது. லாரிக்காரர் வாசல்ல நிக்கிறாரு, ஈவே பில் இல்லாம வண்டியை எடுக்க மாட்டேங்கிறாரு

காலை 9:44 – பெரியப்பா: சிடிபிக்கு (பிளேட் போடுற மெஷின்) ஃபைல் போகல. பிளேட் வராம ரெண்டு மெஷினும் சும்மா நிக்குது. காலண்டர் சீசன்ல இது தேவையா

காலை 9:45 – மாமா: வைரஸ்தான். கண்ட பென்டிரைவையும் சொருகாதீங்கன்னு நான் அப்பவே சொன்னேன்

காலை 9:46 – முத்து: வந்துட்டே இருக்கேன் பெரியப்பா, ரயில்வே கேட் போட்டுட்டான்

காலை 9:58 – முத்து: சர்வரை ரீஸ்டார்ட் பண்ணிருக்கேன், இப்ப வந்துரும்

காலை 9:59 – சித்தி: நெட்டு வந்துருச்சு

காலை 10:02 – சித்தி: போயிருச்சு

காலை 10:03 – முத்து: சுவிட்சை ஆஃப் பண்ணி ஆன் பண்றேன் சித்தி

காலை 10:03 – மாமா: மெயின் சுவிட்சா?

காலை 10:04 – முத்து: இல்ல மாமா, லேன் ஒயரெல்லாம் வந்து சொருகுற பெட்டி

காலை 10:11 – கவிதா அக்கா: இப்பதான் பார்த்தேன். சித்தி, சர்வர் அணைஞ்சிருந்த அந்த ரெண்டு மூணு நிமிஷம் மட்டும் நெட்டு நல்லா இருந்துச்சா?

காலை 10:11 – சித்தி: ஆமா கவிதா. சர்வர் எந்திரிச்சதும் மறுபடி செத்துப்போச்சு

காலை 10:12 – கவிதா அக்கா: முத்து, சுவிட்ச் லைட் எப்படி எரியுது?

காலை 10:13 – முத்து: எல்லா போர்ட்டும் ஒண்ணு போல படபடன்னு மின்னுதுக்கா. ஒண்ணு கூட நின்னு எரியல. சும்மா கிடக்கிற கம்ப்யூட்டரோட போர்ட்டும் அப்படித்தான்

காலை 10:13 – கவிதா அக்கா: நேத்து பிரஸ் லீவு. நீ உள்ள போய் என்ன பண்ண?

காலை 10:14 – முத்து: ஒண்ணும் பண்ணலக்கா

காலை 10:14 – கவிதா அக்கா: முத்து

காலை 10:16 – முத்து: சர்வர்ல ரெண்டாவது லேன் போர்ட் சும்மாதான இருந்துச்சு. அதுக்கும் ஒரு ஒயர் போட்டு ரெண்டையும் சேர்த்து விட்டேன். ஃபைல் காப்பி ஆக லேட்டாகுதுன்னு டிசைனர் அண்ணன் தினம் திட்டுறாரு. ரெண்டு ஒயர்னா டபுள் ஸ்பீடுன்னு நெனச்சேன்

காலை 10:16 – கவிதா அக்கா: எதுல சேர்த்த? ரெண்டு போர்ட்டையும் ஒண்ணா கட்டுற பாண்டா, ஒண்ணுல வந்ததை இன்னொண்ணுல விடுற பிரிட்ஜா?

காலை 10:17 – முத்து: பிரிட்ஜ். பில்லிங் விஎம்முக்காக (சர்வருக்குள்ள ஓடுற மெய்நிகர் கம்ப்யூட்டர்) ஏற்கனவே பிஆர்0ன்னு ஒரு பிரிட்ஜ் இருந்துச்சுல்ல, அதுல முதல் போர்ட் ஈஎன்ஓ1 பக்கத்துலயே ரெண்டாவது போர்ட் ஈஎன்ஓ2வையும் எழுதிட்டேன்

காலை 10:17 – கவிதா அக்கா: ரெண்டு ஒயரும் ஒரே சுவிட்ச்லயா

காலை 10:17 – முத்து: நம்மகிட்ட இருக்கிறதே ஒரு சுவிட்ச்தானக்கா

காலை 10:18 – கவிதா அக்கா: ரெண்டுல ஒரு ஒயரை உருவு. எதுவா இருந்தாலும் சரி. இப்பவே

காலை 10:19 – முத்து: உருவிட்டேன்

காலை 10:19 – சித்தி: வந்துருச்சு!!!

காலை 10:20 – பெரியப்பா: பிளேட் ஓடுது

காலை 10:20 – மாமா: வைரஸ் போயிருச்சா

இரவு 8:35 – பெரியப்பா: கவிதா, ஒரு ஒயரு கூடப் போட்டா எப்படிம்மா எல்லாமே படுக்கும். எனக்குப் புரியல. ஒயர் குறைஞ்சா படுக்கும், சரி

இரவு 8:41 – கவிதா அக்கா: அப்பா, அத்தை இந்தக் குரூப்புல தினம் காலை வணக்கம் போடுறாங்கல்ல. அதை மாமா நம்ம ஊர்க்காரங்க குரூப்புக்கு ஃபார்வர்ட் பண்றாருன்னு வைங்க. அங்க யார் எதைப் போட்டாலும் இங்க தள்ளிவிடுறதே வேலையா சித்தி இருக்காங்க. சித்தி தள்ளுனதை மாமா மறுபடி அங்க தள்ளுறாரு. இப்படியே போனா?

இரவு 8:42 – பெரியப்பா: ஒரே பூவா வரும்

இரவு 8:42 – அத்தை: நான் ஒரு தடவதான போடுறேன்

இரவு 8:43 – கவிதா அக்கா: அத்தை உங்களைச் சொல்லல 😀 நீங்க ஒரு தடவ போட்டதுதான், ஆனா அது சாகாம சுத்துதுன்னு சொல்றேன்

இரவு 8:49 – கவிதா அக்கா: பிரிட்ஜுன்னா சர்வருக்குள்ள இருக்கிற ஒரு குட்டி சுவிட்ச். ஒரு காதுல கேட்டதை மறு காது வழியா வெளிய விடும். அதோட ரெண்டு காதையும் முத்து வெளிய இருக்கிற ஒரே சுவிட்ச்ல மாட்டிட்டான். ‘இந்த ஐபி யாரு’ன்னு ஒரு கம்ப்யூட்டர் எல்லாரையும் பார்த்து ஒரு தடவ கேட்டா போதும். அந்தக் கேள்வி ஈஎன்ஓ1ல உள்ள போய், ஈஎன்ஓ2ல வெளிய வந்து, சுவிட்ச் அதை எல்லாருக்கும் காப்பி போட்டு, மறுபடி ஈஎன்ஓ1க்கே அனுப்பும். அதே நேரம் எதிர்த்திசையிலயும் ஒண்ணு சுத்தும். ஐபி பாக்கெட்டுல டிடிஎல்னு ஒரு எண் இருக்கு. ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் ஒண்ணு குறைஞ்சு கடைசில செத்துரும். லேன் ஒயர்ல அந்தப் பாக்கெட்டைச் சுமந்து போற ஈத்தர்நெட் ஃபிரேமுக்கு அந்த ஆயுசுக் கணக்கே கிடையாது. ஒயரை உருவுற வரைக்கும் ஓடும்

இரவு 8:52 – முத்து: அக்கா மானிட்டர்ல இது வந்துட்டே இருந்துச்சு, காலைல போட்டோ எடுத்தேன். ‘பிஆர்0: ரிசீவ்டு பாக்கெட் ஆன் ஈஎன்ஓ2 வித் ஓன் அட்ரஸ் ஆஸ் சோர்ஸ் அட்ரஸ்’

இரவு 8:53 – கவிதா அக்கா: இதை 9:58க்கே அனுப்பியிருக்கலாம்ல! ‘நான் பேசுனது எனக்கே திரும்ப வருது’ன்னு சர்வர் ஓஎஸ்ஸோட கெர்னல் அழுதிருக்கு. இந்த வரியைப் பார்த்தா பெரும்பாலும் லூப்புதான், அதாவது சுத்திச் சுத்தி வர்ற வழி

இரவு 8:55 – முத்து: லூப்பைத் தடுக்கத்தான எஸ்டிபி (ஸ்பானிங் ட்ரீ) இருக்கு?

இரவு 8:56 – கவிதா அக்கா: நெட்வொர்க் செட்டிங் எழுதுற உன் நெட்பிளான் ஃபைலைப் பார்த்துட்டுக் கேளு

இரவு 8:58 – முத்து: எஸ்டிபி: ஃபால்ஸ்னு இருக்கு 😬

இரவு 9:03 – கவிதா அக்கா: நெட்பிளான்ல அந்த வரியை எழுதாம விட்டா எஸ்டிபி ஆன்லதான் இருக்கும். எங்கயோ இருந்து காப்பியடிச்சு நீயே அணைச்சிருக்க. போடுறவங்க எதுக்குப் போடுறாங்கன்னா, எஸ்டிபி இருந்தா போர்ட் 15 செகண்ட் கேட்டு, 15 செகண்ட் கத்துக்கிட்டு, அப்புறம்தான் வழி விடும். விஎம் எந்திரிச்சு அரை நிமிஷம் நெட்டு இல்லாம முழிக்கும். பிரிட்ஜுல வெளி ஒயர் ஒண்ணே ஒண்ணா இருக்கிற வரைக்கும் அணைச்சு வச்சாலும் ஆபத்து இல்ல. ரெண்டாவது ஒயர் வந்த அன்னைக்குத்தான் அந்த வரி கடிக்கும்

இரவு 9:05 – பெரியப்பா: நம்ம வீட்டுலதான் இப்படியெல்லாம் நடக்குமா

இரவு 9:08 – கவிதா அக்கா: இல்லப்பா. 2002 நவம்பர்ல அமெரிக்காவுல பாஸ்டன்ல பெத் இஸ்ரேல் டீக்கனஸ்னு பெரிய ஆஸ்பத்திரி. நெட்வொர்க்குல இந்த ஸ்பானிங் ட்ரீ சிக்கலாகி, நாள் கணக்குல பேப்பர் பேனாவுலதான் ஆஸ்பத்திரியை ஓட்டுனாங்க. நமக்கு 40 நிமிஷம்

இரவு 9:09 – சித்தி: லாரிக்காரர் வெயிட்டிங்குன்னு 300 ரூபா வாங்கிட்டாரு, அதையும் சேர்த்துக்கோ

இரவு 9:12 – முத்து: அப்ப பாண்டு போட்டிருந்தா சரியா இருந்திருக்குமாக்கா

இரவு 9:16 – கவிதா அக்கா: ஆமா. பாண்டுல ரெண்டு போர்ட்டும் ஒரே ஆளா மாறிரும். ஒரு போர்ட்ல வந்ததை இன்னொண்ணு வழியா வெளிய தள்ளவே தள்ளாது, அதனால லூப் கிடையாது. விஎம்முக்கு பிரிட்ஜும் வேணும், அதனால ரெண்டும் இருக்கட்டும். அடில ஈஎன்ஓ1, ஈஎன்ஓ2. அது மேல பாண்ட்0. அது மேல பிஆர்0, அதுல பாண்ட்0 மட்டும்தான் உறுப்பினர். ஐபி பிஆர்0ல மட்டும். மீட்டிங் இருக்கு, மீதி நாளைக்கு

செவ்வாய்

காலை 6:50 – அத்தை: இனிய காலை வணக்கம் 🌼 (யாரும் ஃபார்வர்ட் பண்ண வேண்டாம்)

இரவு 9:20 – முத்து: பாண்டு போட்டுட்டேன். லூப் இல்ல. ஆனா காப்பி ஏறி இறங்கி ஆடுது, நடுவுல பிங் (இருக்கியான்னு கேட்டுப் பார்க்கிறது) விட்டு விட்டுப் போகுது

இரவு 9:31 – கவிதா அக்கா: மோட் என்ன குடுத்த?

இரவு 9:32 – முத்து: ஒண்ணும் குடுக்கலையே

இரவு 9:38 – கவிதா அக்கா: அப்ப மோட் 0, ரவுண்ட் ராபின். அதுதான் டீஃபால்ட். பாக்கெட்டை ஒண்ணு இந்த ஒயர், ஒண்ணு அந்த ஒயர்னு மாத்தி மாத்தி அனுப்பும். வரிசை மாறிப் போய்ச் சேர்ந்தா பாக்கெட்டை வரிசைப்படுத்துற டிசிபி குழம்பி, திரும்ப அனுப்புன்னு கேக்கும். சுவிட்சுக்கு அதை விடக் குழப்பம். ஒரே மேக் அட்ரஸ் (லேன் போர்ட்டோட அடையாள எண்) இப்ப 3வது போர்ட், இப்ப 4வது போர்ட், மறுபடி 3. மோட் 0க்கு சுவிட்ச்லயும் ரெண்டு போர்ட்டை ஒரே குழுவா கட்டணும்

இரவு 9:39 – முத்து: மோட் 4 போடவா? 802.3ஏடி, எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க

இரவு 9:43 – கவிதா அக்கா: அதுக்கு சுவிட்சும் எல்ஏசிபி (ஒயர்களைச் சேர்த்துக் கட்டுறதுக்கான மொழி) பேசணும். நம்ம பெட்டி அன்மேனேஜ்டு, செட்டிங் எதுவும் மாத்த முடியாது, அதுக்கு வாயே கிடையாது. மோட் 6க்கு சுவிட்ச் தயவு வேண்டாம்தான், ஆனா அது ஏஆர்பியில (‘இந்த ஐபி யாரு’ன்னு கேக்குற அந்தக் கேள்வி பதில்) கை வைக்கும், மேல பிரிட்ஜும் விஎம்மும் இருந்தா வம்பு. மோட் 1 போடு, ஆக்டிவ் பேக்கப். ஒண்ணு வேலை பார்க்கும், ஒண்ணு காவல் இருக்கும். எம்ஐஐ மானிட்டர் இன்டர்வெல் 100ன்னு கட்டாயம் எழுது. எழுதாம விட்டா ஒயர் அறுந்ததைக் கவனிக்காமலே பாண்டு உக்காந்திருந்தாலும் இருக்கும்

இரவு 9:44 – முத்து: ஒண்ணுதான் வேலை பார்க்கும்னா டபுள் ஸ்பீடு?

இரவு 9:47 – கவிதா அக்கா: மோட் 4 போட்டாலும் உனக்கு அது வராது தம்பி. ஒரு இணைப்பு ஒரு ஒயர்லதான் போகும். நாலு பேர் ஒரே நேரத்துல இழுத்தா ரெண்டு ஒயரும் பங்கு போட்டுக்கும். டிசைனர் அண்ணன் ஒருத்தர் ஒரு ஃபைலை இழுத்தா ஒரு ஒயர் வேகம்தான்

இரவு 9:55 – முத்து: அக்கா ‘நெட்பிளான் ட்ரை’ போட்டா வேலை செய்ய மாட்டேங்குது. தப்பாப் போனா 120 செகண்ட்ல பழசுக்குத் திரும்பிரும்னு சொன்னாங்களே

இரவு 9:58 – கவிதா அக்கா: பாண்டு, பிரிட்ஜோட பாராமீட்டரை மாத்துனா அதால திருப்பி எடுக்க முடியாது, கையெடுத்துக் கும்பிட்டுரும். வீட்டுல இருந்து எஸ்எஸ்எச்ல பண்ணாத. பிரஸ்ல மானிட்டர் கீபோர்டு முன்னாடி நின்னுக்கிட்டு ‘அப்ளை’ குடு. பழைய ஃபைலுக்கு ஒரு காப்பி வச்சுக்கோ, நெட்பிளான் ஃபோல்டருக்கு வெளிய. உள்ள வச்சு அது பேரும் யாமெல்னே முடிஞ்சா அதையும் சேர்த்துப் படிச்சுரும்

இரவு 10:40 – முத்து: போட்டாச்சு. பாண்டு நிலவரம் சொல்ற ‘ப்ராக் நெட் பாண்டிங்’ல கரன்ட்லி ஆக்டிவ் ஸ்லேவ் ஈஎன்ஓ1ன்னு காட்டுது. அந்த ஒயரை உருவினேன், ஈஎன்ஓ2க்கு மாறிருச்சு. பிங்ல ஒண்ணுதான் விட்டுச்சு 💪

இரவு 10:41 – பெரியப்பா: நல்லது. இன்னும் வீட்டுக்குப் போகலையா

இரவு 10:44 – கவிதா அக்கா: சூப்பர். இதை நான் நேத்தே கேட்டிருக்கணும், தப்பு என் மேலதான். டிசைனர் அண்ணனுக்கு ஃபைல் காப்பி லேட்டு லேட்டுன்னா எவ்வளவு லேட்டு?

இரவு 10:46 – முத்து: 4 ஜிபி ஃபைலுக்கு ஆறு நிமிஷம்

இரவு 10:47 – கவிதா அக்கா: செகண்டுக்கு 11 எம்பி

இரவு 10:47 – கவிதா அக்கா: டேய் அது 100 எம்பிபிஎஸ் ஒயரோட கணக்கு. ஜிகாபிட்டா இருந்தா ஒரு நிமிஷம் கூட ஆகாது. டிசைனர் அண்ணன் கம்ப்யூட்டர்ல ஈத்தர்நெட் ஸ்டேட்டஸ் தொறந்து ஸ்பீடு என்னன்னு பாரு

புதன்

காலை 9:30 – முத்து: 100 எம்பிபிஎஸ்

காலை 9:31 – கவிதா அக்கா: சர்வர்ல ஈத்டூல் ஸ்பீடு என்ன சொல்லுது?

காலை 9:33 – முத்து: ரெண்டு போர்ட்டும் 1000

காலை 9:36 – கவிதா அக்கா: அப்ப டிசைனர் அண்ணனுக்குப் போற ஒயர்தான். உள்ள எட்டுக் கம்பி, நாலு ஜோடி. 100க்கு ரெண்டு ஜோடி போதும், ஜிகாபிட்டுக்கு நாலும் வேணும். மத்த ரெண்டு ஜோடியில ஒரு கம்பி விட்டுப்போயிருந்தாலும் சத்தமில்லாம 100க்கு இறங்கி வேலை பார்த்துக்கிட்டே இருக்கும், யாருக்கும் தெரியாது. பிளக்கை வெளிச்சத்துல காட்டு

காலை 9:52 – முத்து: 📷 அக்கா, பிரவுன் கம்பி முன்னாடி வரைக்கும் வரவே இல்ல. நாற்காலி சக்கரம் ஏறி ஏறி ஒயரும் நசுங்கியிருக்கு

காலை 10:25 – முத்து: நசுங்குன இடத்தை வெட்டிட்டு புது பிளக் கிரிம்ப் பண்ணியாச்சு. 1000 காட்டுது. அதே 4 ஜிபி ஃபைல் 38 செகண்ட்

காலை 10:26 – பெரியப்பா: பிளக் எவ்வளவு

காலை 10:26 – முத்து: பத்து ரூபா பெரியப்பா

காலை 10:27 – சித்தி: லாரிக்கு 300

காலை 10:31 – மாமா: அப்ப வைரஸ் இல்லையா